கூட்டத்தை நடத்திய ஈ

ஒரு காட்டில், மூங்கில் அடர்ந்த மலைச்சரிவில், காட்டெருமைக் கூட்டம் ஒன்று வாழ்ந்துவந்தது. காட்டெருமையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? உடம்பெல்லாம் கன்னங்கரேலென்று இருக்கும். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல் வெளுத்திருக்கும். பார்த்தால் பயமாக இருக்குமே தவிர, அது தன் பாட்டுக்குப் புல் மேயும். வலிய வம்புக்கு வராது.

இந்தக் கூட்டத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. எங்கே மேயப் போவது, எங்கே தண்ணீர் குடிக்கப் போவது என்று யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. காலை மேய்ச்சல் முடிந்ததும் எல்லா எருமைகளும் மரநிழலில் படுத்து அசை போடும். அசை போட்டபடியே யோசிக்கும். யோசித்து முடித்த எருமை எழுந்து, எந்தப் பக்கம் போகலாம் என்று நினைக்கிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சற்று நேரம் அசையாமல் நிற்கும். பிறகு மறுபடி படுத்துக்கொள்ளும். இதற்கு 'முகம் காட்டுவது' என்று பெயர்.

எல்லாம் முகம் காட்டி முடித்ததும், எந்தப் பக்கம் அதிக முகங்கள் திரும்பினவோ அந்தப் பக்கம் தலைமைக் கடா நடக்கத் தொடங்கும். மற்றவை பின்னால் போகும். கூச்சல் இல்லை, கொம்பு மோதல் இல்லை. நம் ஊர்க் கூட்டங்களில் மேஜையைத் தட்டுகிறார்களே, அந்த வேலையெல்லாம் அங்கே கிடையாது. தட்டுவதற்கு மேஜையும் கிடையாது.

அந்தக் கூட்டத்தின் தலைமைக் கடாவுக்குக் கருமலை என்று பெயர். பெயருக்கு ஏற்ற உடம்பு. உடம்புக்கு ஏற்ற தைரியம். நல்ல மனசுதான், ஆனால் ஒரு குறை உண்டு. யாராவது புகழ்ந்து பேசினால் அதன் இரண்டு காதுகளும் தாமாகவே ஆட ஆரம்பித்துவிடும்.

சென்ற மழைக்காலத்தில் ஓடைக்கரையில் ஒரு புலி பாய்ந்தது. தும்பை என்ற எருமையின் கன்று மொச்சை அதன் வாயில் அகப்பட்டுக்கொண்டது. கூட்டம் முழுவதும் நாலா பக்கமும் சிதறி ஓட, கருமலை மட்டும் திரும்பி வந்தது. புலி அதன் தோளைக் கிழித்தது. கருமலை விடவில்லை. கொம்பால் ஒரு தூக்குத் தூக்கி எறிந்ததில் புலி புதரில் போய் விழுந்து, எழுந்து, நொண்டிக்கொண்டே ஓடிவிட்டது. மொச்சையின் பின்னங்காலில் ஒரு தழும்போடு போயிற்று.

அன்று தும்பை கருமலையின் காயத்தை நக்கி நக்கி ஆற்றியது. அதிகம் பேசத் தெரியாத எருமை அது. "அண்ணா, என் உயிர் உள்ளவரை இதை மறக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதது. பார்த்துக்கொண்டிருந்த எல்லா எருமைகளும் அழுதன. அவ்வளவும் உள்ளத்திலிருந்து வந்த நன்றி, குழந்தைகளே. அதில் ஒரு துளிகூடப் பொய் இல்லை. ஆனால் அந்த நன்றி போகப் போக வேறு ஏதோவாக மாறியது.

முதலில் நல்ல நிழலைக் கருமலைக்கு விட்டுக்கொடுத்தார்கள். பிறகு இளம்புல் உள்ள இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். கடைசியில் யோசிக்கும் வேலையையும் அதனிடமே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். அசை போட்டு முடித்த பிறகும் யாரும் எழுவதில்லை. கருமலை எப்போது எழும், எந்தப் பக்கம் திரும்பும் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார்கள். அது எழுந்து வடக்கே பார்த்தால் அத்தனை முகமும் வடக்கே. தெற்கே பார்த்தால் அத்தனை முகமும் தெற்கே.

இதில் முன்னால் நின்றது முழக்கன் என்ற கடா. குரல் என்றால் அப்படி ஒரு குரல். அது கனைத்தால் மூங்கில் புதர் அதிரும். "புலியிடமிருந்து நம்மைக் காத்தவருக்குப் புல் இருக்கும் இடம் தெரியாதா? தலைவர் முகம் திரும்பிய பிறகு நமக்கு எதற்குத் தனி முகம்?" என்று அது கேட்கும். எல்லாரும் ஆமாம் போடுவார்கள். கருமலையின் காதுகள் ஆடும்.

புகழாதது ஒன்றே ஒன்றுதான். கருமலையின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும் ஒரு மைனா. பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது அதன் குணம். "உன் முதுகில் உண்ணி அதிகமாகிவிட்டது. வரவர நீ அசைவதே இல்லை" என்று அது சொல்லும். கருமலைக்கு அந்தப் பேச்சு அவ்வளவாகப் பிடிக்காது.

கோடை வந்தது. அந்த வருஷம் கோடை மழை ஏமாற்றிவிட்டது. ஓடை வற்றி வெறும் கல்லாகக் கிடந்தது. கன்றுகள் ஈரப் பாறையை நக்கிப் பார்த்துவிட்டுத் தாயைப் பார்த்தன. இனி அந்தச் சரிவில் இருந்தால் கன்றுகள் பிழைக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

போவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. மேற்கே இறங்கினால் பாசி ஏரி. பக்கத்தில்தான், வழியெல்லாம் இறக்கம். கிழக்கே ஏறினால் மொட்டைமலை. நிழலே இல்லாத கல் ஏற்றம். அதைத் தாண்டினால் ஆறு. இந்தக் கோடையில் அதில் தண்ணீர் இருக்குமோ, மணல்தான் இருக்குமோ, யாருக்கும் தெரியாது.

அன்று காலை எல்லாம் நிழலில் படுத்து அசை போட்டன. மைனா எங்கிருந்தோ பறந்து வந்து கருமலையின் முதுகில் உட்கார்ந்து, இறகுகளைப் படபடவென்று உதறி உலர்த்திக்கொண்டது. நாலைந்து துளி கருமலையின் கழுத்தில் தெறித்தது.

"சும்மா இரு. நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றது கருமலை.

உண்மையில் அது யோசித்துக்கொண்டுதான் இருந்தது. ஏரியா, ஆறா? ஏரி என்றால் பக்கம். ஆறு என்றால் கன்றுகள் ஏற்றம் ஏறுமா? எவ்வளவு அசை போட்டும் அதற்கு ஒரு முடிவும் வரவில்லை.

அப்போதுதான் அந்த ஈ வந்தது. பச்சைக் கண்ணும் ஊசி மூக்கும் உள்ள காட்டு ஈ. கருமலையின் பின்தொடையில், வால் எட்டாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, நறுக்கென்று ஒரு கடி கடித்தது.

கருமலை துள்ளி எழுந்தது. ஈயை விரட்ட உடம்பை ஒரு சுற்றுச் சுற்றியது. ஈ பறந்துவிட்டது. கருமலை மூச்சு வாங்க நின்றது. அது நின்றபோது அதன் முகம் மேற்கே இருந்தது.

அவ்வளவுதான். கூட்டம் முழுவதும் மடமடவென்று எழுந்தது. அத்தனை முகமும் மேற்கே திரும்பின.

"ஆகா! மேற்கு!" என்று முழங்கியது முழக்கன். "எவ்வளவு வேகமாக எழுந்தார் பார்த்தீர்களா? சந்தேகமே இல்லாதவர்தான் இப்படித் துள்ளி எழுவார்!"

"எனக்கும் விடியற்காலையிலிருந்தே மேற்கு என்றுதான் பட்டது" என்றது ஒரு கிழட்டு எருமை. அதற்கு ஏற்றம் ஏற முடியாது.

"மேற்கிலிருந்து வரும் காற்றில் ஈர வாசனை அடிக்கிறது" என்றது இன்னொன்று. காற்று அப்போது வீசவே இல்லை.

கருமலை வாயைத் திறந்தது. 'இல்லை, இல்லை, என்னை ஈ கடித்தது' என்று சொல்லத்தான் திறந்தது. ஆனால் எல்லாரும் அதை அவ்வளவு ஆசையாகப் பார்த்தார்கள். உச்சி குளிர்ந்துபோயிற்று. காதுகள் ஆடத் தொடங்கின. திறந்த வாய் மெல்ல மூடிக்கொண்டது.

மைனா அதன் காதருகே தத்தி வந்தது. "ஈக்காகத்தானே எழுந்தாய்?"

"உஷ்" என்றது கருமலை.

அப்போது கூட்டத்தின் ஓரத்தில் ஒரு எருமை எழுந்தது. நிதானமாகத் திரும்பிக் கிழக்கே முகம் காட்டி நின்றது. அது தும்பை.

கூட்டம் அசை போடுவதை நிறுத்திவிட்டது.

"யாரது, தும்பையா?" என்று முழக்கன் கத்தியது. "வேறு யார் வேண்டுமானாலும் தலைவருக்கு எதிராக முகம் காட்டலாம். நீ காட்டலாமா? உன் கன்றை யார் காப்பாற்றியது? நன்றி கெட்டவளே!"

தும்பைக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அது திரும்பவில்லை.

"முந்தாநாள் மொச்சை விளையாட்டாகப் பாசி ஏரிப் பக்கம் ஓடிவிட்டது" என்றது தும்பை. "அதைத் துரத்திக்கொண்டு நானும் போனேன். ஏரியில் தண்ணீர் உள்ளே வெகுதூரம் வாங்கிவிட்டது. கரையில் பச்சைப்பசேல் என்று புல் இருக்கிறது. ஆனால் அது தரை இல்லை, அண்ணா. சேற்றின்மேல் படர்ந்த புல். மொச்சை இறங்குவதற்குள் நான் குறுக்கே பாய்ந்தேன். என் முன்னங்கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது."

சிலருடைய முகம் லேசாகக் கிழக்கே திரும்பப் பார்த்தது. முழக்கன் அதைக் கவனித்துவிட்டது.

"ஏரி என்றால் கரையில் கொஞ்சம் சேறு இருக்காதா?" என்று சிரித்தது. "காலில் சேறு பட்டதற்கு இவ்வளவு கலவரமா? அடுத்து மழை பெய்தால் நனையும் என்று சொல்வாள் போலிருக்கிறது!"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு வந்த பிறகு யார் சேற்றைப் பற்றி யோசிக்கப் போகிறார்கள்? திரும்பப் பார்த்த முகங்கள் அவசர அவசரமாக மேற்கே வந்துவிட்டன.

கருமலைக்கு என்னவோ போலிருந்தது. தும்பை சொல்வது உண்மையாக இருக்குமோ என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. ஆனால் இப்போது 'ஈ கடித்தது' என்று எப்படிச் சொல்வது? இத்தனை பேர் முன்னால் மானம் போய்விடுமே! வெட்கம் கோபமாக மாறியது. அந்தக் கோபத்தில், சொல்லக் கூடாத ஒரு சொல்லை அது சொல்லிவிட்டது.

"தும்பை, உன் கன்று இன்று உயிரோடு நிற்கிறது என்றால் அது யார் கொடுத்த உயிர்?"

தும்பை தலையைத் தாழ்த்திக்கொண்டது. "நீங்கள் கொடுத்தது, அண்ணா" என்றது. மொச்சையைக் கூட்டிக்கொண்டு கூட்டத்தின் கடைசிக்குப் போய்விட்டது.

கூட்டம் மேற்கே இறங்கத் தொடங்கியது. கருமலை முன்னால் நடந்தது. வழியெல்லாம் இறக்கம்; கால் தானாகப் போயிற்று. மனசுதான் பின்தங்கியது.

"ஒரு கேள்வி கேட்கட்டுமா?" என்றது முதுகில் இருந்த மைனா.

"கேள்."

"மேற்கே போவது சரிதான் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"இத்தனை பேர் மேற்கு என்கிறார்களே. எல்லாருமா தப்பாகச் சொல்வார்கள்?"

"அவர்கள் ஏன் மேற்கு என்கிறார்கள்?"

"நான் மேற்கே பார்த்தேன். அதனால்."

"நீ ஏன் மேற்கே பார்த்தாய்?"

கூட்டம் தன்னை நம்பி நடக்கிறது, தான் கூட்டத்தை நம்பி நடக்கிறோம், நடுவில் உண்மையாகவே முடிவெடுத்தது ஓர் ஈ என்பது கருமலைக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியும் அது நிற்கவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இனி எப்படித் திரும்புவது என்று நினைத்தது. பெரியவர்கள் நிறையத் தப்புச் செய்வது இந்த இடத்தில்தான்.

பாசி ஏரி வந்தது. கண்ணைப் பறிக்கும் பச்சை. அதற்கு அப்பால், எட்டத்தில், தண்ணீர் வெயிலில் பளபளத்தது. தாகத்தில் தவித்த கன்றுகள் கத்திக்கொண்டு முன்னால் ஓடப் பார்த்தன. தாய்கள் அவற்றைப் பிடித்து நிறுத்தின. தலைவர் இறங்காமல் யாரும் இறங்கக் கூடாதே!

"வழி காட்டுங்கள், தலைவரே!" என்றது முழக்கன்.

கருமலை கரையோரம் போய் நின்றது. அப்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து தும்பை வந்தது. மொச்சையை மூக்கால் தள்ளித் தள்ளி, எல்லாரையும் தாண்டி முன்னால் கூட்டிவந்தது.

"மறுபடியுமா?" என்று முழக்கன் பல்லைக் கடித்தது.

"நான் எதிர்த்துப் பேச வரவில்லை" என்றது தும்பை. பிறகு கருமலையின் முகத்தை நேராகப் பார்த்தது. "அண்ணா, இது நீங்கள் கொடுத்த உயிர் என்றீர்கள். நூற்றுக்கு நூறு உண்மை. அதனால் உங்களிடமே கொண்டுவந்துவிட்டேன். இந்த வழி நல்ல வழி என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும் என்றால் ஒரே ஒரு வார்த்தை போதும். 'மொச்சை, இறங்கு' என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். முதலில் இது இறங்கும். பின்னாலேயே நானும் இறங்குவேன். ஏன் என்று கேட்க மாட்டேன்."

மொச்சைக்கு இதெல்லாம் என்ன புரியும்? அது வழக்கம்போல் கருமலையின் முன்னங்காலில் தலையைத் தேய்த்தது. நிமிர்ந்து பார்த்து, "இறங்கட்டுமா, மாமா?" என்று கேட்டது.

கருமலை கீழே பார்த்தது. மொச்சையின் பின்னங்காலில் புலிப்பல் தழும்பு தெரிந்தது. தன் தோளில் இருந்த பழைய தழும்பு சுரீர் என்றது. புலியை எதிர்த்தபோது அதற்குப் பயம் வரவில்லை. இப்போது வந்தது.

"இற..." என்று தொடங்கியது. மேலே வார்த்தை வரவில்லை. மறுபடி தொடங்கியது. வரவில்லை.

"சொல்லுங்கள் தலைவரே, தாகமாக இருக்கிறது!" என்று கூட்டம் கத்தியது.

"எனக்குத் தெரியாது" என்றது கருமலை.

கூட்டத்துக்குக் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. "என்ன தெரியாது?" என்று கேட்டது கிழட்டு எருமை.

"இந்த ஏரியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மேற்கே போக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. என்னை ஈ கடித்தது. அதனால் எழுந்தேன். அதை விரட்டத் திரும்பினேன். நீங்கள் எல்லாரும் புகழ்ந்தீர்கள். எனக்குச் சுகமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்."

முழக்கன்தான் முதலில் தேறியது. "பார்த்தீர்களா தலைவரின் அடக்கத்தை! அது சாதாரண ஈயாக இருக்காது. வழி காட்டவே வந்த ஈயாக..."

"போதும், முழக்கா" என்றது கருமலை.

கரையில் ஒரு பெரிய உருண்டைக் கல் கிடந்தது. கருமலை கொம்பைக் கொடுத்து அதை நெம்பித் தள்ளியது. கல் உருண்டு போய்ப் பச்சைப் புல்லின் நடுவே நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. முழக்கன் ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள் கல் மெல்லச் சாய்ந்து, பாதி அமிழ்ந்து, களக்கென்று ஒரு சத்தத்தோடு காணாமல் போயிற்று. அதன்மேல் புல் மறுபடி மூடிக்கொண்டது. கல் விழுந்த இடம் எது என்றுகூடத் தெரியவில்லை.

எல்லா எருமைகளும் ஒரே சமயத்தில் பின்வாங்கின. தாய்கள் தங்கள் கன்றுகளைக் காலுக்கிடையில் இழுத்துக்கொண்டன. கிழட்டு எருமை, "காலையில் சேறு சேறு என்று இவள் தொண்டை வறளச் சொன்னாளே. நான் சிரித்தேனே" என்று முணுமுணுத்தது.

கருமலை கூட்டத்தைப் பார்த்துத் தலை குனிந்தது. "நீங்கள் என்மேல் வைத்த நன்றியைத் தின்றே நான் கொழுத்துவிட்டேன். இனி அப்படி வேண்டாம். இப்போதே, இங்கேயே மறுபடி முகம் காட்டுங்கள். நீங்கள் எல்லாரும் காட்டி முடித்த பிறகுதான் நான் எழுவேன்."

சொல்லிவிட்டு அங்கே இருந்த மரத்தடியில் படுத்து, கண்களை இறுக மூடிக்கொண்டது.

கூட்டத்துக்குத் திண்டாட்டமாகிவிட்டது. முழக்கன் பழக்க தோஷத்தில் கருமலையைப் பார்த்தது, கண் மூடியிருந்தது. இடது பக்கம் பார்த்தது. அங்கே இருந்தவர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலது பக்கமும் அதே கதைதான். கடைசியில் வேறு வழியில்லாமல் யோசித்தது.

"எனக்கு... உண்மையைச் சொன்னால், மொட்டைமலை ஏறப் பயமாக இருக்கிறது" என்றது. அந்தப் பெரிய குரல் அன்றுதான் முதன்முதலாகச் சின்னதாக வந்தது. "ஏறிப்போய் அங்கே தண்ணீர் இல்லாவிட்டால்?"

"நல்ல கேள்வி" என்றது தும்பை. "ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது. இங்கே இறங்கக் கூடாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். வேறு யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியும்" என்றது மைனா. "ஆற்றில் மடுக்கள் நிறையத் தண்ணீர் இருக்கிறது. இன்று காலையில்கூட அங்கே குளித்துவிட்டுத்தான் வந்தேன். உங்கள் தலைவரின் முதுகில்தான் இறகு உலர்த்தினேன்."

கண்ணை மூடியிருந்த கருமலைக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையில் கழுத்தில் தெறித்த துளிகள் நினைவுக்கு வந்தன. "அதை அப்போதே சொல்லக் கூடாதா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டது.

"உஷ் என்றாய். சும்மா இரு என்றாய். 'எங்கே குளித்தாய்?' என்று மட்டும் கேட்கவே இல்லை" என்றது மைனா.

பிறகு ஒவ்வொன்றாக எழுந்தன. கிழட்டு எருமைக்கு ஏற்றம் ஆகாது. அதனால் நிழலுள்ள வடக்குச் சரிவில் சுற்றிக்கொண்டு போகலாம் என்று வடக்கே முகம் காட்டியது. அதை யாரும் திட்டவில்லை. இன்னும் சில எருமைகளும் வடக்கே காட்டின. ஆனால் கன்றுகள் உள்ள தாய்கள் கிழக்கே காட்டின. சுற்று வழியில் போனால் கன்றுகளின் தாகம் தாங்காது. முழக்கன் வெகுநேரம் நின்று யோசித்துவிட்டுக் கிழக்கே திரும்பியது. அதிக முகங்கள் கிழக்கே இருந்தன.

"காட்டியாயிற்றா?" என்று கேட்டது கருமலை.

"காட்டியாயிற்று. கண்ணைத் திறக்கலாம்" என்றது தும்பை.

கருமலை எழுந்தது. எல்லா முகங்களையும் ஒருமுறை பார்த்தது. "கிழக்கே போவோம்" என்றது. "கிழவிக்கு ஏற்றம் கஷ்டம். முழக்கா, நீ அவளுக்குப் பின்னால் வா. தடுமாறினால் தாங்கிக்கொள்."

மொட்டைமலை லேசில் விடவில்லை. கல் குத்தியது, வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்தது. முழக்கன் கிழட்டு எருமையை நெற்றியால் முட்டுக்கொடுத்து ஏற்றிவிட்டது. வழியில் ஒருமுறைகூட வாயைத் திறக்கவில்லை. மைனா முன்னால் பறந்து போவதும், "இதோ, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லித் திரும்பி வருவதுமாக இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் உச்சிக்கு வந்து பார்த்தார்கள். கீழே பாறைகளுக்கு நடுவே ஆறு சிவப்பாக மின்னிக்கொண்டு கிடந்தது.

அதற்குப் பிறகு யார் யாருக்காகக் காத்திருப்பார்கள்? கன்றுகள் உருண்டும் புரண்டும் இறங்கின. எல்லாம் மணல்மேல் நின்று வயிறு முட்டக் குடித்தன. குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிப் படுத்தன. இறங்கிய இடத்தில் தரை உறுதியாக இருந்தது.

கருமலை மட்டும் குடிக்கவில்லை. தும்பையும் மொச்சையும் குடித்து முடிக்கும்வரை கரையில் நின்றது. பிறகு மெல்லப் பக்கத்தில் வந்தது.

"தும்பை, காலையில் நான் ஒன்று கேட்டேனே, யார் கொடுத்த உயிர் என்று. அதைக் கேட்டிருக்கக் கூடாது."

"ஆமாம் அண்ணா, கேட்டிருக்கக் கூடாது" என்றது தும்பை. "புலி வந்த அன்றுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை."

கருமலையின் கண் கலங்கியது. "எல்லாரும் எனக்கு நன்றி சொன்னார்கள். நீ ஒருத்திதான் நன்றியோடு நடந்துகொண்டாய். அது இல்லாவிட்டால் இந்நேரம் நாம் எல்லாரும் அந்தப் பச்சைப் புல்லுக்கு அடியில் இருப்போம். உனக்கு நான் எப்படி..."

"எனக்குப் பயமாகத்தான் இருந்தது" என்றது தும்பை. "'இறங்கு' என்று சொல்லிவிடுவீர்களோ என்று குலை நடுங்கிக்கொண்டுதான் நின்றேன். ஆனால் மொச்சையைக் காப்பாற்றிய அண்ணனை எனக்குத் தெரியும். அவர் சொல்ல மாட்டார் என்று நம்பினேன். இப்போது எனக்கு எந்த வலியும் இல்லை. நீங்கள் முதலில் தண்ணீர் குடியுங்கள்."

கருமலை தலை தாழ்த்திக் குடித்தது. அதுவரை அது குடித்த தண்ணீரிலேயே அதுதான் இனிப்பானது என்று பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கும்.

மறுநாள் காலை, ஆற்றங்கரை நிழலில் எல்லாம் படுத்து அசை போட்டன. ஒவ்வொன்றாக எழுந்து, புது இடத்தில் எந்தப் பக்கம் மேயப் போகலாம் என்று முகம் காட்டின. ஓர் ஈ வந்தது. பழைய ஈயோ, அதன் உறவோ, தெரியாது. கருமலையின் பின்தொடையில் அதே இடமாகப் பார்த்து உட்கார்ந்து நறுக்கென்று கடித்தது.

கருமலை பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. அசையவில்லை.

"மாமா, ஈ கடிக்கிறதே! எழுந்திருக்கவில்லையா?" என்று மொச்சை கேட்டது.

"கொஞ்சம் பொறு, கண்ணே" என்றது கருமலை. "முழக்கன் இன்னும் முகம் காட்டவில்லை."

நீதி: நமக்கு நன்மை செய்தவர் வழி தவறும்போது அதை அவரிடம் துணிந்து சொல்வதே உண்மையான நன்றி.